அருவி ஏறும்போது கீழே நிற்பவன்

1

போன வருடம் ஒரு வியாழக்கிழமை இரவு, 'செகிரோ' கேமில் கெனிச்சிரோவிடம் நாற்பத்தோராவது முறையாகச் செத்துப்போனேன். எண்ணிக்கை சரியானதுதான். டெஸ்டிங்கில் வேலையைத் தொடங்கியவன் என்பதால் எதையும் தாளில் கோடு போட்டு எண்ணுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. பெங்களூரில் அப்போது மணி பன்னிரண்டே கால். பக்கத்து அறையில் மனைவியும் மகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் மகளை ஸ்கூல் வேனில் ஏற்ற வேண்டும், அதற்குப் பிறகு ஒன்பதரைக்கு ஒரு மீட்டிங். கேமை மூடிவிட்டுப் படுத்தேன். இன்றுவரை அதைத் திறக்கவில்லை.

2019இல் வந்த செகிரோவில் சுலபம், நடுத்தரம், கடினம் என்று தேர்ந்தெடுக்கும் வசதியே கிடையாது. எதிரியின் வாள் நம்மைத் தொடுகிற அதே கணத்தில் பட்டனை அழுத்தித் தடுக்க வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. கெனிச்சிரோ எப்போது வாளை ஓங்குவான், எப்போது தாவுவான் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கைதான் வர மறுத்தது. முப்பத்தாறு வயதில் முதன்முறையாக, 'தெரிகிறது, ஆனால் முடியவில்லை' என்ற நிலையை என் உடம்பில் பார்த்தேன். அம்மா ஊசியில் நூல் கோக்கத் தடுமாறும்போது "தள்ளும்மா" என்று வாங்கிக் கோத்துக் கொடுத்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

இதைப் பற்றி ஓர் ஆய்வே இருக்கிறது. 2014இல் 'ப்ளோஸ் ஒன்' இதழில் வெளியானது. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 'ஸ்டார்கிராஃப்ட் 2' ஆடிய 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை எடுத்து அலசினார்கள். வயது 16இலிருந்து 44 வரை. திரையில் புதிய காட்சி வந்ததற்கும் ஆடுபவர் முதல் செயலைச் செய்வதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் போகிறது என்பது கேள்வி. அந்த வேகம் 24 வயதிலிருந்தே குறையத் தொடங்குகிறது என்பது விடை. இருபத்துநான்கு! நம்மூரில் அந்த வயதில் பையனுக்குப் பெண் பார்க்கக்கூட ஆரம்பிக்க மாட்டார்கள்.

செய்திகளில் இந்த எண் மட்டும்தான் ஓடியது. ஆய்வின் மறுபாதியை யாரும் பெரிதாகப் பேசவில்லை. மூத்த ஆட்டக்காரர்கள், கேம் தருகிற குறுக்குவழிகளை நன்றாகப் பயன்படுத்தியும் உத்திகளை எளிமையாக வைத்துக்கொண்டும் இழந்த வேகத்தை ஈடுகட்டுவதுபோலத் தெரிகிறது என்றும் அதில் இருக்கிறது. அதாவது கை மெதுவானவன் ஆட்டத்தை விட்டுப் போய்விடுவதில்லை, வேறு மாதிரி ஆடத் தொடங்குகிறான்.

வயதாவதையும் வீடியோ கேமையும் சேர்த்துப் பேசினால் பேச்சு இந்தக் கை வேகத்தோடு முடிந்துவிடுகிறது. அல்லது 'நேரமில்லை பாஸ்' என்பதோடு. இரண்டும் உண்மைதான். ஆனால் நான் கெனிச்சிரோவை விட்டு எழுந்ததற்குக் காரணம் இந்த இரண்டும் இல்லை என்று கொஞ்ச நாளாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. நாற்பத்தோரு தடவை செத்தபோதும் "அட, போச்சே" என்று சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை. அந்த இரவில் என்னைத் தொந்தரவு செய்தது அதுதான். அதைச் சொல்ல நிலக்கோட்டைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

2

1999 முழுப்பரீட்சை லீவில் எங்கள் வீட்டுக்கு டிவி கேம் வந்தது. எனக்கு வயது பத்து. ஜப்பானில் 1983இல் வந்த ஃபேமிகாம் என்ற பெட்டியின் நகல் அது என்பதெல்லாம் இன்ஜினியரிங் படிக்கும்போதுதான் தெரிந்தது. அப்போது எங்களுக்கு அது 'டிவி கேம்', உள்ளே செருகுவது 'கேசட்', கையில் பிடிப்பது 'ரிமோட்'. கேசட்டின் மேல் 9999 கேம் என்று போட்டிருக்கும். உள்ளே இருந்தது இருபது, இருபத்தைந்து. அதையே பெயர் மாற்றி மாற்றி அடுக்கியிருப்பான். ஏமாற்றுவேலை என்று தெரிந்தும் 9999 வரைக்கும் போய்ப் பார்த்தவர்கள் நாங்கள்.

நாங்கள் என்றால் நானும் பெரியப்பா மகனும். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். இங்கே அவனை அண்ணன் என்றே எழுதுகிறேன். பெரியப்பாவுக்கு நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. விடிவதற்குள் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து மல்லியும் சம்பங்கியும் வந்து இறங்கிவிடும். எடை போட்டு, ஏலம் கூவி, மூட்டை கட்டி அனுப்பி முடிக்கும்போது வெயில் ஏறியிருக்கும். அண்ணன் லீவு நாளில் கடைக்குப் போய்விட்டு, சட்டை முழுக்க சம்பங்கி வாசத்தோடு நேரே எங்கள் வீட்டுக்கு வருவான். வந்ததும் ரெண்டாவது ரிமோட்டை எடுத்துக்கொள்வான். முதல் ரிமோட் வீட்டுக்காரனுக்கு. அது பேசாமலே ஏற்பட்ட ஒப்பந்தம்.

'பேட்டில் சிட்டி' ஆடியவர்களுக்குத் தெரியும். நாங்கள் அதை 'டேங்க்' என்போம். 1985இல் நாம்கோ நிறுவனம் வெளியிட்டது. கீழே நடுவில் செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு. நம் இரண்டு டேங்குகளும் அதைக் காக்க வேண்டும். இரண்டு பேருக்கும் எத்தனை லைஃப் மிச்சமிருந்தாலும் சரி, கழுகின் மேல் ஒரு குண்டு பட்டால் ஆட்டம் முடிந்தது. நம் குண்டு கூட்டாளியின் மேல் பட்டால் அவன் சாக மாட்டான், கொஞ்ச நேரம் நகர முடியாமல் மினுக்கி மினுக்கி நிற்பான். அந்த நேரம் பார்த்து எதிரி வந்தால் அவன் கதி அதோகதி. எங்களுக்குள் வந்த சண்டையில் பாதி இதனால்தான். "வேணும்னேதான சுட்ட?" "இல்லண்ணே, கை தவறிருச்சு." அண்ணன் தம்பி உறவைப் பற்றி இவ்வளவு சரியாக யோசித்த விதிகளை நான் அதற்குப் பிறகு அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் எனக்கு மறக்காதது 'கான்ட்ரா'. 1988இல் கொனாமி வெளியிட்டது. ஆளுக்கு மூன்று லைஃப். மூன்றாவது கட்டம் ஓர் அருவி. பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். யார் உயரத்தில் இருக்கிறானோ, திரை அவனோடு மேலே போகும். போன திரை திரும்பக் கீழே இறங்காது. அதனால் கீழே நிற்பவன் காலடியில் இருந்த பாறை திரைக்கு வெளியே போய்விடும். அந்த நொடியில் அவன் செத்துவிடுவான். எதிரி சுட்டுச் சாகவில்லை, பள்ளத்தில் தவறி விழவில்லை. கூட வந்தவன் வேகமாக ஏறியதால் சாகிறான்.

நான் வேகமாக ஏறுகிறவன். அண்ணன் ஒவ்வொரு பாறையிலும் நின்று, சுற்றியிருப்பவர்களைச் சுட்டு முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குத் தாவுவான். "டேய், ஏறாத... நில்லுடா... நில்லு" என்று கத்திக்கொண்டே இருப்பான். நான் நிற்க மாட்டேன். நின்றால் என் தலைக்கு மேலிருந்து சுடுகிறவன் என்னைக் கொன்றுவிடுவான் என்ற பயம். பெரும்பாலும் அருவியின் உச்சிக்கு நான் மட்டும்தான் போய்ச் சேர்ந்தேன்.

இன்று ஒரு புரோகிராமராக அந்தக் காட்சியை யோசித்தால், அது ஒரு பிழை இல்லை என்று புரிகிறது. அந்தப் பெட்டியில் இருந்த வேலை நினைவகம் 2 கிலோபைட். படம் 256க்கு 240 புள்ளிகள். ஒரே ஒரு பார்வைதான் சாத்தியம். இரண்டு பேர் விலகிப் போனால் திரை யாரோடு போவது? யாரோ ஒரு ஜப்பானியப் பொறியாளர் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார். முன்னே போகிறவனோடு போகட்டும். அப்படி முடிவெடுத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆட்டம் முன்னால் போயாக வேண்டும். ஆனால் அதை ஆடிய இரண்டு பையன்களுக்கு அது ஒரு பாடமாகவும் இருந்தது.

3

2005இல் பெரியப்பா படுத்த படுக்கையானார். அண்ணன் ப்ளஸ் டூ முடித்த கையோடு கடையில் உட்கார்ந்தான். அடுத்த வருடம் நான் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்தேன். பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட வந்தவன் அண்ணன்தான். அவனிடம் நான் சொன்னது, "அங்க ஹாஸ்டல்ல லேன் இருக்காம்ணே, கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடலாமாம்." அந்த வயதுக்கு அவ்வளவுதான் அறிவு.

ஹாஸ்டலில் நாலு வருடம் கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6. அதற்கு முன்னால் நிலக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில், மணிக்கு இருபது ரூபாய்க்கு 'வைஸ் சிட்டி'. இந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிற என் வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி உருகுகிறார்கள். நானும் உருகியிருக்கிறேன். ஆனால் உருகுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தால், அப்போது எங்களிடம் இருந்தது கை வேகம் மட்டுமில்லை. வீணாக்குவதற்கு நேரம் இருந்தது. வைஸ் சிட்டியில் மிஷன் எதையும் செய்யாமல், பைக்கை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் போவோம். இருபது ரூபாய்க்கு அதுதான் செலவு. இன்று எனக்குக் கிடைக்கிற நாற்பது நிமிடத்தில் அப்படிப் போக மனசு வருவதில்லை. ஏதாவது முடிய வேண்டும், ஒரு கட்டமாவது தாண்ட வேண்டும். ஆபீஸில் டிக்கெட் மூடுகிற அதே கை இங்கேயும் மூடப் பார்க்கிறது.

அண்ணனோடு மறுபடி ஆடியது 2020இல். ஊரடங்கில் பூவை வாங்க ஆளில்லை. கல்யாணம் இல்லை, கோயில் இல்லை. செடியில் பூத்ததைப் பறிக்கிற கூலிக்குக்கூட விலை வரவில்லை. ஒருநாள் ராத்திரி போன் செய்து, "பப்ஜின்னு ஒண்ணு பசங்க ஆடுறானுகளே, நீ ஆடுவியா?" என்றான். அன்றிலிருந்து தினமும் பத்தரை மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் அவன் கடைப் பையன்கள் இரண்டு பேரும் ஒரு ஸ்குவாட். பதினைந்து வருடத்தில் நானும் அவனும் அவ்வளவு பேசியதில்லை. கடன் எவ்வளவு, தங்கச்சி நகை எங்கே இருக்கிறது, பெரியம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று எல்லாவற்றையும், ஒரு வீட்டுக்குள் பதுங்கிக்கொண்டு எதிரியின் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டியபடியே சொன்னான். நேரில் உட்கார வைத்துக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டான். நானும் கேட்டிருக்க மாட்டேன்.

அந்த வருடம் செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜி மொபைல் அதில் ஒன்று. அக்டோபர் 30ஆம் தேதியோடு இந்தியாவில் சர்வர் நின்றது. அடுத்த ஆண்டு அதே கேம் வேறு பெயரில் வந்தது. ஆனால் அதற்குள் மார்க்கெட் திறந்துவிட்டது, அண்ணன் ராத்திரி ஒன்பதுக்கே படுக்கப் போய்விட்டான். விடியற்காலை மூன்று மணிக்கு எழ வேண்டியவன். தடையின் நியாய அநியாயத்தைப் பேச எனக்குத் தகுதி இல்லை. வாசலில் இருந்த ஒரு திண்ணையை இடித்துவிட்டார்கள் என்று மட்டும் எனக்குப் பட்டது.

4

'வெண்பா'வுக்கு வருகிறேன். டொராண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கி, 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 2024இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது பெற்றது. 1988இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின். அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்று வெண்பாவிடம் இருக்கிறது. பக்கங்கள் கிழிந்து, எழுத்து அழிந்து போயிருக்கிறது. விட்டுப்போனதை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுக்கும் போகும் என்பதுதான் முதல் புதிர். ஒரு மாலையில் முடிந்துவிடுகிற சின்ன கேம்.

'பெரியவர்களுக்கான கேம்' என்று பரிந்துரைக்கிற பட்டியல்களில் இது தவறாமல் இருக்கிறது. எனக்கு அந்தப் பட்டியல்கள் மேல் ஒரு சந்தேகம் உண்டு. சோகமான கதை, சண்டை இல்லை, சீக்கிரம் முடியும் என்ற மூன்றும் இருந்தால் 'முதிர்ச்சியான கேம்' என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். கதை சோகமாக இருப்பதற்கும் கேம் முதிர்ச்சியாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. கதையைத் தூக்கிவிட்டு விதிகளை மட்டும் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதுதான் என் அளவுகோல்.

அப்படிப் பார்த்தால் வெண்பாவின் சமையல் புதிர்கள் கொஞ்சம் ஏமாற்றம்தான். தப்பாகச் செய்தால் திரும்பச் செய்யலாம், வேண்டுமானால் துப்பும் கிடைக்கும். அடுப்படியில் நின்ற எவருக்கும் தெரியும், தீய்ந்தது தீய்ந்ததுதான். மாவு தீர்ந்தால் கடை திறக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஒருத்தி ஒரு ஊரைவிட்டு இன்னொரு ஊருக்குப் போய் முப்பது வருடம் சமைத்ததன் களைப்பு அந்தப் புதிர்களில் இல்லை. நம் கை அதை உணர்வதே இல்லை. கதையில் வெண்பா களைக்கிறாள், ஆடுகிற நாம் களைப்பதில்லை. இது ஒரு குறைதான். தமிழ்க் குடும்பம், இட்லி, வானொலியில் ஒவ்வொரு பத்தாண்டின் சாயலிலும் நம் சினிமாப் பாட்டு என்று எல்லாம் சேர்ந்து நெஞ்சை அடைத்ததால் நம்மில் பலர் இந்தக் குறையைச் சொல்லத் தயங்கினோம் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஓர் இடத்தில் அது விதியின் மூலமாகவே பேசுகிறது. அம்மா பேசுகிற தமிழ் கவினுக்குப் புரியாதபோது, அந்தச் சொற்கள் திரையில் மங்கிவிடுகின்றன. நமக்கும் படிக்க முடியாது. கடைசியில் வெண்பா இந்தியா திரும்பிவிட, வளர்ந்த கவின் அதே புத்தகத்தை வைத்துச் சமைக்கிறான். அவனுக்குத் தமிழ் எழுத்து பாதிதான் படிக்க வருகிறது. இதுவரை கிழிசலால் விட்டுப்போன குறிப்புகள், இப்போது படிப்பவனாலேயே விட்டுப்போகின்றன. சமையல் புதிர் ஒன்றுதான், அதன் ஓட்டை மட்டும் இடம் மாறிவிட்டது. இதை ஒரு நாவலில் எழுதிவிடலாம். ஆனால் தெரியாதவனின் கையை நம் கையாக ஆக்கித் தடுமாற வைப்பது கேமால்தான் முடியும்.

முதல் தடவை ஆடியபோது நான் கவின். ஊரைவிட்டு வந்து, அம்மா போனை எடுக்காமல் 'மீட்டிங்ல இருக்கேன்' என்று மெசேஜ் போடுகிறவன். குற்ற உணர்ச்சியோடு அழுதேன், நன்றாக இருந்தது. குற்ற உணர்ச்சியில் அழுவதில் ஒரு சுகம் இருக்கிறது. இந்த வருடம் மறுபடி ஆடியபோது அந்தச் சுகம் கிடைக்கவில்லை. மகளுக்கு ஆறு வயது ஆகிவிட்டது. நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள், சினேகிதிகளோடு கன்னடம். "உங்க அப்பத்தாகிட்ட பேசு" என்று போனைக் கொடுத்தால் நாலு சொல்லில் நின்றுவிடுகிறாள். இந்தத் தடவை மங்கலாகத் தெரிந்தது என் சொற்கள்.

அப்போதுதான் அருவி ஞாபகம் வந்தது. கவின் மேலே ஏறுகிறான். திரை அவனோடு போகிறது. கீழே அம்மாவின் காலடிப் பாறை திரையைவிட்டு விலகுகிறது. யாரும் யாரையும் சுடவில்லை. வெண்பாவும் கான்ட்ராவும் ஒரே விஷயத்தைப் பற்றிய இரண்டு கேம்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு அப்படித்தான் படுகிறது. பத்து வயதில் அதை மேலே இருந்து பார்த்தேன். இப்போது திரையின் நடுவில் எங்கேயோ நிற்கிறேன், மேலே மகள், கீழே அம்மாவும் அண்ணனும்.

5

நிலக்கோட்டையிலிருந்து மேற்கே போனால் வத்தலகுண்டு. சி.சு.செல்லப்பாவின் ஊர். 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, தமிழில் விமர்சனத்துக்கு என்று ஓர் இடத்தை உண்டாக்கியவர். அவருடைய 'வாடிவாசல்' குறுநாவலில் எல்லோரும் பேசுவது பிச்சியையும் காரிக் காளையையும்தான். அப்பாவைக் கொன்ற மாட்டை அணைய வருகிற மகன். இப்போது படிக்கும்போது என் கண் போவது வாடிவாசல் பக்கத்தில் நிற்கிற கிழவர் மேல். அவர் இறங்கப் போவதில்லை. ஆனால் எந்த மாடு எப்படி வரும், எவன் எப்படி விழுவான் என்று எல்லாம் தெரியும். இளவட்டங்களோடு பேசிக்கொண்டே இருக்கிறார். பிச்சி யார் என்று அறிகிற கண்ணும் அவருக்கு இருக்கிறது. அந்தக் கிழவர் இல்லாவிட்டால் பிச்சி செய்வது என்னவென்று நமக்கு விளங்கியிருக்காது.

என் நண்பர்களில் பாதிப்பேர் இப்போது ஆடுவதில்லை, ஆடுகிறவர்களைப் பார்க்கிறார்கள். சாப்பிடும்போது யூடியூபில் யாரோ ஒருவர் கேம் ஆடுவதைப் பார்ப்பது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. முன்பெல்லாம் அதைக் கேலி செய்வேன். இப்போது அது அந்தக் கிழவர் நின்ற இடம் என்று தோன்றுகிறது. நல்ல ஆட்டம் எதுவாக இருந்தாலும் அதைச் சுற்றி அப்படி நிற்க ஓர் இடம் இருக்கிறது. ஆனால் கிழவர் கூட்டத்தின் நடுவில் நின்றார். பிச்சி திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னான். நாம் படுக்கையில் தனியாகப் பார்க்கிறோம். அது ஒன்றுதான் வித்தியாசம், ஆனால் பெரிய வித்தியாசம்.

எங்கள் தாத்தா எழுபது வயது தாண்டியும் ஆடினார். கோயில் திண்ணையில் கரித்துண்டால் கோடு கிழித்து ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலிக்குத்தான் வெட்டுகிற உரிமை. ஆட்டுக்காரன் வெட்ட முடியாது, பொறுமையாக அடைக்க மட்டும்தான் முடியும். தாத்தா எப்போதும் ஆட்டுப் பக்கம் எடுப்பார். சின்னப் பையன்கள் எல்லோருக்கும் புலிதான் வேண்டும் என்பதால் அவருக்கு எதிராளி கிடைப்பது சுலபம். தமிழ்நாட்டில் 'இந்த வயசுல என்ன வெளயாட்டு' என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வி ஆடுபுலிக்கும் தாயத்துக்கும் கேட்கப்பட்டதே இல்லை. அந்த ஆட்டங்கள் இரண்டு வெவ்வேறு வயதுக்காரர்கள் எதிரெதிரே உட்கார்வதற்கு விதியிலேயே இடம் வைத்திருந்தன.

முதிர்ச்சியான கேம் என்று நான் தேடுவது இதைத்தான். சோகக் கதை வேண்டாம். மெதுவான கையும் வேகமான கையும் ஒரே ஆட்டத்தில் இருக்க ஒரு விதி வேண்டும். 2021இல் வந்த 'இட் டேக்ஸ் டூ' அந்தத் திசையில் ஒரு நல்ல முயற்சி. இரண்டு பேர் இல்லாமல் அதை ஆடவே முடியாது. ஒருவர் வாங்கினால் போதும், கூட ஆடுகிறவர் இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம். திரை இரண்டாகப் பிரிந்திருப்பதால், பெரும்பாலும் முன்னால் போனவன் பின்னால் இருப்பவனைச் சாகடிப்பதில்லை. அந்தப் பழைய பொறியாளருக்கு 2 கிலோபைட்டில் முடியாமல் போனது இதுதான். அதற்கு முன் கேமே ஆடியிராத என் மனைவியோடு அதை ஆடினேன். நான் ஒவ்வொரு கட்டத்தையும் முடித்துவிட்டு, "சீக்கிரம், இங்க வா, அந்தப் பட்டன், அது இல்ல" என்றேன். இரண்டாவது வாரம் அவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க என்கூட வெளயாடல, எனக்கு வேல குடுக்குறீங்க" என்றாள். திரையைப் பிரித்துக் கொடுத்தாலும் ஆள் மாறுவதில்லை. கேம் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு அங்கே ஓர் எல்லை தெரிந்தது.

6

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, ஆன்லைனில் வாங்கிய சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுபோனேன். டிவியில் செருகினால் பழைய கேம் எல்லாம் வரும். இதிலும் பத்தாயிரம் கேம் என்று போட்டிருந்தது. ஏமாற்று விஷயத்தில் உலகம் மாறவில்லை.

பொங்கலுக்கு முந்தின நாட்களில் பூ மார்க்கெட் பக்கம் கால் வைக்க முடியாது. அண்ணனுக்கு மாட்டுப் பொங்கல் அன்று மதியம்தான் மூச்சுவிட நேரம் கிடைத்தது. வந்தான். சட்டையில் அதே சம்பங்கி வாசம், தலை முன்பக்கம் நரைத்திருந்தது. "இது எங்கடா புடிச்ச?" என்று சிரித்தான். முதல் ரிமோட்டை அவனிடம் நீட்டினேன். "அது ஒன்னோடது" என்று ரெண்டாவதை எடுத்துக்கொண்டான். இருபத்தாறு வருட ஒப்பந்தத்தை அவன் மீறுவதாக இல்லை. மகள் எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

முதல் இரண்டு கட்டமும் எப்படியோ தாண்டினோம். இரண்டு பேருக்கும் கை சொன்னபடி கேட்கவில்லை. குண்டு வருவது தெரிகிறது, குதிப்பதற்குள் செத்துவிடுகிறோம். கெனிச்சிரோவிடம் வந்த எரிச்சல் இங்கே வரவில்லை. ஒவ்வொரு சாவுக்கும் மகள் கை தட்டினாள்.

அருவி வந்தது. இரண்டு பேருக்கும் ஒவ்வொரு லைஃப்தான் மிச்சம். நான் முதல் பாறையிலேயே நின்றேன். அவன் சுற்றியிருப்பவர்களைச் சுட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அவன் தாவிய பிறகு நான் தாவினேன். இப்படி நாலைந்து பாறை. இருபத்தாறு வருடமாகச் சொல்ல நினைத்த ஒன்றைச் சொல்லிக்கொண்டிருப்பதுபோல எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான். "ஏன்டா நிக்கிற?"

"ஒனக்காகத்தான்ணே."

"நின்னா ஒன்னையச் சுட்டுருவான்டா. நீ ஏறு. எனக்கென்ன, நான் பாத்து வர்றேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சின்ன வயதில் 'நில்லுடா' என்று கத்தியவன் இவன்தானா என்று திரும்பிப் பார்த்தேன். அந்த ஒரு நொடியில் மேலிருந்து உருண்டு வந்த பாறை என் தலையில் விழுந்தது. நான் அவுட். திரை இப்போது அவனுடையது. ஒவ்வொரு பாறையாக நின்று, சுட்டு, தாவி, ரொம்ப மெதுவாக ஏறினான். நானும் மகளும் பார்த்துக்கொண்டிருந்தோம். "பெரியப்பா, மேல! மேல ஒருத்தன்!" என்று கத்தினாள். தமிழில்தான். பார்க்கிறவர்கள் கத்தினால் அவன் கேட்டுக்கொள்கிறான் என்பதை அவள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள்.

உச்சிக்கு இரண்டு பாறை இருக்கும்போது செத்தான். "ச்சை" என்று ரிமோட்டைக் கீழே வைத்தவன், மணியைப் பார்த்தான். ஐந்தரை. மறுநாள் முகூர்த்தம் எதுவும் இல்லை, அதனால் கடைக்கு நாலு மணிக்குப் போனால் போதும் என்றான். பிறகு மகளைப் பார்த்து, "நீ ஆடுறியா தங்கம்?" என்று ரெண்டாவது ரிமோட்டை நீட்டினான். அவள் அதை வாங்காமல் என் கையிலிருந்த முதல் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

பெங்களூருக்குத் திரும்பும்போது அந்தப் பெட்டியை அண்ணன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.